பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு பாடம்



பெருநாள் விடுமுறையிலும் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையிலும் நம் குடும்பங்கள் பல கொடைக்கானலுக்குப் புறப்படுகின்றன. வேனில் தேக்சா, அரிசி, மசாலா, கேஸ் அடுப்பு எல்லாம் ஏறிவிடும். ஹலாலான சாப்பாடு கிடைக்குமோ என்ற யோசனை ஒரு பக்கம், இருபது பேருக்கு ஓட்டலில் ஆகும் செலவு மறுபக்கம். அதனால் சாலையோரம் நிழலான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, பக்கத்து ஓடையில் பாத்திரத்தைத் துலக்கிவிட்டுக் கிளம்புவது பலருக்கும் பழகிப்போன ஒன்று.

வீட்டிலும் இந்த வேலை ஒரு நாள்கூட நிற்பதில்லை. மூன்று வேளையும் பாத்திரம் விழுகிறது, மூன்று வேளையும் கழுவுகிறோம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுபவர்கள் உண்டு. தொட்டியில் தண்ணீர் பிடித்துக் கழுவுபவர்கள் உண்டு. வசதி உள்ளவர்கள் இயந்திரம் வாங்குகிறார்கள். விருந்து என்றால் பலர் எறிந்துவிடும் தட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவற்றில் எது தண்ணீருக்கும் மண்ணுக்கும் குறைந்த கெடுதல் செய்கிறது? இந்தக் கேள்விக்குக் கொடைக்கானலை வைத்துப் பதில் தேடினால் விஷயம் தெளிவாகப் புரியும். ஏனெனில் அங்கே கழுவிய தண்ணீர் போகும் வழி கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

மலையில் விட்டது மலையில் நிற்பதில்லை

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல் பகுதியில் இருக்கிறது. நகரின் நடுவே உள்ள நட்சத்திர வடிவ ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. அதன் பரப்பு சுமார் 60 ஏக்கர். அந்த ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பாம்பாற்றுத் தண்ணீர் கீழே இறங்கிப் பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாகிறது. பேரிஜம் ஏரி பெரியகுளத்து மக்களுக்குக் குடிநீர் தருகிறது.

மலையைச் சுற்றிப் பார்த்தால் வடக்கே பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள். தெற்கே மஞ்சளாறு அணை. கிழக்கே மருதாநதி அணை. இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் பழனி மலையிலிருந்தே வருகிறது. சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் ஓடைகள் ஓடுகின்றன. பழனியில், பெரியகுளத்தில், வத்தலக்குண்டில் உள்ள வீடுகளும் வயல்களும் இந்த மலையை நம்பி இருக்கின்றன.

மலையில் கொட்டியது மலையிலேயே நிற்காது என்பதைக் கொடைக்கானல் ஏற்கெனவே ஒரு முறை கண்டுவிட்டது. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, அதை அடுத்துள்ள பாம்பார் சோலையையும் அதன் தண்ணீரையும் பற்றிப் பல ஆண்டுகள் கவலைப்பட வைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பாதரசத்தோடு ஒப்பிட முடியாது. இது சில நாட்களில் சிதைந்துவிடும் பொருள். ஆனால் பாதரசம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. இந்தத் தண்ணீரோ ஒவ்வொரு வீட்டிலிருந்தும், ஒவ்வொரு விடுதியிலிருந்தும், சீசன் நாட்களில் ஆயிரக்கணக்கான வண்டிகளிலிருந்தும் தினமும் வருகிறது.

நம் ஊர்களில் பெரும்பாலும் கழிப்பறைத் தண்ணீர்தான் செப்டிக் டேங்குக்குப் போகிறது. சமையலறைத் தண்ணீர் நேராகச் சாக்கடையில் விழுகிறது. சமவெளியில் அந்தச் சாக்கடை எங்கேயோ போய்த் தேங்கும். மலைச்சரிவில் அது ஓடையைத் தேடிப் போய்விடும். ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் மத்திய அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டிய நிலை வந்ததற்குக் கழிவுநீர் கலப்பு முக்கியக் காரணம்.

சோப்பைவிடப் பெரிய சுமை எது?

பாத்திரம் கழுவுவதால் கெடுதல் என்றதும் நம் மனம் சோப்பையே நினைக்கிறது. சோப்பில் கெடுதல் உண்டு, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் நாம் கவனிக்காமல் விடுவது, சோப்போடு சேர்ந்து போகும் எண்ணெய், நெய், குழம்பு, பாயசம், சோற்றுப் பருக்கை ஆகியவற்றை.

உணவு தண்ணீரில் விழுந்தால் கிருமிகள் அதைத் தின்று சிதைக்கின்றன. அப்போது அவை தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கும் தவளைக்கும் நீர்ப்பூச்சிக்கும் மூச்சாக இருப்பதும் அதே ஆக்சிஜன்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பால் சிதைய ஏறக்குறைய 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய 100 மில்லி பாலுக்கு 10 கிராம். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. 15 டிகிரி குளிரில், ஒரு லிட்டர் சுத்தமான ஓடைத் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் இருக்கும். ஆக, அந்த 100 மில்லி பால் 1,200 லிட்டருக்கும் அதிகமான ஓடைத் தண்ணீரின் மூச்சை எடுத்துவிடும் அளவுக்குச் சுமை.

கொழுப்பு இதைவிட மோசம். 10 கிராம் நெய்யோ எண்ணெயோ முழுவதும் சிதைய சுமார் 28 கிராம் ஆக்சிஜன் தேவை. அது 3,500 லிட்டர் ஓடைத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனுக்குச் சமம். பிரியாணி தேக்சாவின் அடியில் 10 கிராம் நெய்தானா மிஞ்சுகிறது? பெருநாள் காலையில் வட்டிலப்பத்துக்கும் பாயசத்துக்கும் வைத்த பாத்திரங்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஓடும் ஓடை காற்றிலிருந்து மீண்டும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் ஒரு குடும்பம் ஒரு நாள் கழுவியதால் ஓடை செத்துவிடாது. ஆனால் கோடையில் ஓடை நூல் போல ஓடும் நேரத்தில்தான் கூட்டமும் வருகிறது. தண்ணீர் குறைவு, சுமை அதிகம். ஏரியிலோ தண்ணீர் ஓடாமல் நிற்பதால், விழுந்தது அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆகவே எந்த முறையில் கழுவினாலும் முதல் வேலை ஒன்றுதான்: தண்ணீர் படுமுன் பாத்திரத்தைச் சுத்தமாக வழித்து எடுப்பது. தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட வேண்டும், விரலில் ஒட்டியதையும் வீணாக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படி வழித்த தட்டு ஓடைக்கும் மிகப் பெரிய உதவி. சாப்பிட்டு முடிந்த தட்டைக் கழுவுவது நிமிட வேலையாகிவிடும். சோப்பும் தண்ணீரும் பாதியாகக் குறையும்.

சட்டியில் ஒட்டியதை மரக்கரண்டியாலோ காய்ந்த ரொட்டித் துண்டாலோ வழித்து எடுக்கலாம். நெய்ப்பசையைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடலாம். பொரித்த எண்ணெயை எக்காரணம் கொண்டும் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆறவைத்து ஒரு பாட்டிலில் சேர்த்து வைக்க வேண்டும். ஓட்டல்களும் பெரிய சமையல் ஒப்பந்தக்காரர்களும் பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி எரிபொருள் தயாரிக்கக் கொடுப்பதற்கென்றே, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நம் பகுதி பிரியாணிக் கடைக்காரர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சோப்பு, சாம்பல், பூந்திக்கொட்டை

பாத்திரச் சோப்பில் அழுக்கை எடுக்கும் பொருள் கொஞ்சம்தான். கட்டிச் சோப்பின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடி போன்ற நிரப்புப் பொருள். அது தேய்க்க உதவும், பிறகு சாக்கடையில் மண்ணாகப் படியும். அழுக்கை எடுக்கும் பொருள் நுரையாக ஓடையில் சேர்ந்தால் மீனின் செவுளைப் பாதிக்கும். மண்ணில் விழுந்தாலோ, அங்குள்ள கிருமிகள் அதைப் பெருமளவு சிதைத்துவிடும். அதே சோப்புத் தண்ணீர் ஓடையில் விழுவதற்கும் மண்ணில் ஊறுவதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு பொருள் பாஸ்பேட். இது பாசிக்கும் நீர்க்களைக்கும் உரம். நீரில் சேரும் 1 கிராம் பாஸ்பரஸ் காய்ந்த எடையில் சுமார் 100 கிராம் பாசி வளரப் போதும். அந்தப் பாசி அழுகும்போது மறுபடியும் ஆக்சிஜன் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி முதல், வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்கான சோப்பில் ஒரு முறைக்கு 0.3 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்று விதித்தது. நாம் கடையில் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்த்து, பாஸ்பேட் இல்லை என்று எழுதியிருப்பதை எடுப்பது நம்மால் ஆன காரியம்.

கொடைக்கானலுக்குப் போகும் சமவெளிக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சோப்பு நுரைக்காது, ஆகவே நிறையப் போட்டுப் பழகிவிட்டோம். மலைத் தண்ணீர் மழையிலிருந்து வந்த மென்மையான தண்ணீர். கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கும். ஊரில் போடும் அளவை அங்கேயும் போட்டால் நுரை போகவே போகாது. அலசி அலசித் தண்ணீர்தான் செலவாகும். மலையில் ஊரில் போடுவதில் பாதியைப் போட்டுப் பாருங்கள். அநேகமாக அதுவே போதும்.

சாம்பல் நம் பாட்டிமார் காலத்துச் சோப்பு. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைக் கரையும் பொருளாக மாற்றுகிறது. அதன் துகள் தேய்க்கவும் உதவுகிறது. விறகு அடுப்பு உள்ள வீட்டில் சாம்பலும் தேங்காய் நாரும் இன்றைக்கும் நல்ல வழி. பிளாஸ்டிக் குப்பையோ அட்டையோ சேர்த்து எரித்த சாம்பலாக மட்டும் இருக்கக் கூடாது. தேய்த்த சாம்பலைச் சாக்கடையில் விடாமல் செடியடியில் போட வேண்டும்.

இயற்கையானது என்பதாலேயே எல்லாம் கெடுதல் இல்லாதவை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டை நுரைக்குக் காரணமான பொருள் மீனுக்கு நஞ்சு. தோட்டத்தில் ஊற்றினால் பிரச்சினை இல்லை. ஓடையில் நேராகக் கழுவினால் அதுவும் தவறுதான். தேய்ப்பதற்குப் பச்சை நிற நைலான் நாரைவிடத் தேங்காய் நாரோ பீர்க்கங்காய்க் கூடோ நல்லது. நைலான் நார் தேயத் தேய நுண்ணிய பிளாஸ்டிக்காகத் தண்ணீரில் போகிறது.

குழாயைத் திறந்துவிட்டா, தொட்டியில் பிடித்தா?

சமையலறைக் குழாயை முழுதும் திறந்தால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை வருவது சாதாரணம். பத்து நிமிடம் ஓடவிட்டால் 60 முதல் 80 லிட்டர். உங்கள் வீட்டுக் குழாயில் எவ்வளவு வருகிறது என்று அறிய, ஒரு வாளியை வைத்து அரை நிமிடம் பிடித்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். பிள்ளைகளை வைத்தே இதைச் செய்யச் சொல்லலாம்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ரைனர் ஸ்டாமிங்கர் குழுவினர், ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரை அழைத்து, 12 பேர் சாப்பிடும் அளவுப் பாத்திரங்களைக் கையால் கழுவ வைத்தார்கள். சராசரியாக ஆன தண்ணீர் 103 லிட்டர். ஒருவருக்கொருவர் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. கை அல்லது இயந்திரம் என்பதைவிட, கையால் எப்படிக் கழுவுகிறோம் என்பதே கணக்கை மாற்றுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சிக்கனமான முறை எளிது. இரண்டு அகலமான தொட்டி அல்லது பேசின் எடுங்கள். ஒன்றில் ஐந்தாறு லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும். மற்றதில் எட்டு லிட்டர் நல்ல தண்ணீர். வழித்துத் துடைத்த பாத்திரங்களில் முதலில் டம்ளர், பிறகு தட்டு, கடைசியாக எண்ணெய்ச் சட்டி என்ற வரிசையில் முதல் தொட்டியில் தேய்த்து, இரண்டாவதில் முக்கி எடுங்கள். இந்த வரிசை மாறினால் முதல் சட்டியிலேயே தண்ணீர் கெட்டுவிடும், மறுபடியும் பிடிக்க வேண்டிவரும்.

தேங்கிய தண்ணீரில் முக்கினால் மனசுக்கு நிறைவு வருவதில்லை, ஓடும் தண்ணீரில் அலசினால்தான் சுத்தம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்கும் வழி இருக்கிறது. இரண்டாவது தொட்டியில் முக்கி எடுத்த பாத்திரங்களை அடுக்கிவைத்து, கடைசியில் ஒரு சொம்பால் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். மேல் பாத்திரத்தில் வழிவது கீழ்ப் பாத்திரத்தையும் கழுவும். இரண்டு மூன்று லிட்டரில் முடிந்துவிடும். மொத்தத்தில் 15, 16 லிட்டர். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். சமவெளியில் வாழைக்கும் மலையில் சௌசௌ கொடிக்கும் அது போதும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை கொண்டு குளித்தார்கள் என்பதை நாம் படித்திருக்கிறோம். ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கும் குறைவு. வணக்கத்துக்கான சுத்தத்துக்கே அளவு உண்டு என்றால், பாத்திரத்துக்கு அளவு வைப்பதில் நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

சுடுதண்ணீரும் மின்சாரமும்

கொடைக்கானலில் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆட்டுக்கொழுப்பு அந்தக் குளிரில் உடனே உறைந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சுடுதண்ணீர் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் எவ்வளவு வேண்டும்?

கீசர் குழாயைத் திறந்து பத்து நிமிடம் கழுவினால் 60 லிட்டர். அதை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 1.7 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் ஒரு வேளைக்கு 1.2 கிலோ. இதற்குப் பதில் சோப்புத் தொட்டிக்கு மட்டும் 5 லிட்டரை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.2 யூனிட்தான். கரியமில வாயு 150 கிராமுக்குள் நின்றுவிடும். அலசுவதற்குப் பச்சைத் தண்ணீர் போதும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே கொழுப்பைத் துடைத்து எடுத்துவிட்டால் அந்த 5 லிட்டர்கூடத் தாராளம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்விலும் இதே முடிவுதான் வந்தது. ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளில் வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டுக் கையால் கழுவினால் 5,620 கிலோ கரியமில வாயு. வழக்கமான முறையில் இயந்திரத்தில் கழுவினால் 2,090 கிலோ. இரண்டு தொட்டி முறையில் கையால் கழுவினால் 1,610 கிலோ. மூன்றிலும் குறைவானது இரண்டு தொட்டி முறையே. இந்தக் கணக்கில் பெரும் பங்கு தண்ணீரைச் சூடாக்குவதற்கு ஆகும் எரிபொருள்.

இயந்திரம் வாங்கலாமா?

இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை ஓட 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் போதும். மின்சாரம் சுமார் ஒரு யூனிட். நாள் முழுதும் சேர்ந்த பாத்திரத்தை ஒரே தடவையில் போடும் பெரிய குடும்பத்துக்கும், மூட்டுவலி, முதுகுவலி உள்ள தாய்மாருக்கும், லாரித் தண்ணீர் வாங்கும் நகரத்து வீடுகளுக்கும் அது உதவியே.

ஆனால் ஐரோப்பா, அமெரிக்கா கணக்கை நம் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கையால் கழுவுபவர்களும் சுடுதண்ணீரில் கழுவுகிறார்கள். மதுரையிலோ கீழக்கரையிலோ நாம் பச்சைத் தண்ணீரில் கழுவுகிறோம். அங்கே இயந்திரம் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. இங்கே புதிதாகச் செலவழிக்கிறது. தினம் ஒரு யூனிட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 255 கிலோ கரியமில வாயு. உப்புத் தண்ணீர் ஊர்களில் இயந்திரத்துக்குள் தண்ணீரை மென்மையாக்க உப்பும் போட வேண்டும். அந்த உப்பும் சாக்கடைக்கே போகும்.

வாங்கியவர்கள் இயந்திரம் நிறைந்த பிறகே ஓட்ட வேண்டும். உள்ளே வைக்குமுன் குழாயில் ஒரு முறை கழுவும் பழக்கத்தை விட வேண்டும். வழித்துத் துடைத்து வைத்தால் போதும். முன்கூட்டியே குழாயில் கழுவினால் இயந்திரம் மிச்சம்பிடித்த தண்ணீரெல்லாம் அதிலேயே போய்விடும்.

எறிந்துவிடும் தட்டு தீர்வாகுமா?

கழுவுவதில் இவ்வளவு கணக்கு இருந்தால் தூக்கி எறியும் தட்டையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, குவளை, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் மலை தாங்கும் அளவைப் பற்றிய கவலையால்தான்.

கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு நடமாடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பு வாசனை உள்ள தட்டையும் தாளையும் அது உணவென்று தின்றுவிடுகிறது. கடமானும் குரங்கும் அப்படியே. வயிற்றில் சேரும் பிளாஸ்டிக் வெளியே வராது.

வாழை இலையும் பாக்கு மட்டைத் தட்டும் நல்ல மாற்று. பழனி மலையின் கீழ்ப் பகுதி, புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலை வாழை விளையும் இடம். இலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாப்பிட்ட இலையையும் காட்டோரம் எறியக் கூடாது. மீதிச் சோறும் எலும்பும் விலங்குகளைச் சாலைக்கு இழுக்கும். வீட்டு அளவில், பல்லாண்டு உழைக்கும் எவர்சில்வர் தட்டை வழித்து, இரண்டு தொட்டியில் கழுவுவதே சிறந்தது.

வலீமாவும் ஸஹனும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே ஸஹனில் சேர்ந்து அமர்ந்து சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு ஸஹன் என்றால் 400 பேர் விருந்துக்கு 100 ஸஹன்கள். தனித் தட்டு என்றால் 400. ஸஹன் பெரியது, தேய்க்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். இருந்தாலும் மொத்தத்தில் கழுவும் பரப்பும் தண்ணீரும் குறையும். எல்லோருக்கும் நடுவில் இருப்பதால் மிச்சமும் குறைவாகவே விழும். பழைய வழக்கம் என்று சில ஊர்களில் கைவிடப்பட்டதை இந்தக் காரணத்துக்காகவும் நாம் மீட்டெடுக்கலாம்.

தேக்சா, அண்டாக்களைக் கழுவுவோருக்கு ஜமாஅத் மண்டபங்கள் மூன்று ஏற்பாடுகள் செய்து கொடுக்கலாம். அடிப்பிடித்ததைச் சுரண்டிப் போட ஒரு தனி வாளி. சாக்கடைக்கு முன்பாக எண்ணெய் மேலே மிதந்து தங்கும் ஒரு சிறு தொட்டி. சோற்றுப் பருக்கையைத் தடுக்கும் வலை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு விருந்தின் செலவில் மிகச் சிறிய பங்குதான்.

மலைக்குப் போகும்போது

அடுத்த முறை குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவர்கள் சிலவற்றை முன்பே தயார் செய்துகொண்டால் போதும்.

ஆளுக்கொரு தட்டு, டம்ளர் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்டதும் அவரவர் தட்டை வழித்து, காகிதத்தால் துடைத்து, ஒரு மூடியுள்ள வாளியில் அடுக்குங்கள். தங்கும் இடத்திலோ வீட்டுக்கு வந்த பிறகோ கழுவலாம். சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

அங்கேயே கழுவித்தான் ஆகவேண்டும் என்றால், ஓடையில் இறங்காமல் தண்ணீரை வாளியில் மொண்டு, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போய்க் கழுவுங்கள். சோறு, எலும்பை ஒரு துணியில் வடிகட்டிப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். மிஞ்சிய தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். மண் அதைச் சிதைத்துக்கொள்ளும்.

சமைத்து எடுத்துச் செல்வதானால் குழம்பைவிட ரொட்டி, கவாப், புளிச்சோறு போன்றவை நல்லது. ஒட்டும் பாத்திரமும் குறையும், கழுவும் வேலையும் குறையும்.

கொடைக்கானலில் வசிக்கும், கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சமையலறைத் தண்ணீர் சாலையோரச் சாக்கடையில் விழுகிறதா, உறிஞ்சுகுழியில் இறங்குகிறதா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். சாக்கடையில் விழுந்தால், ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டியும் ஒரு உறிஞ்சுகுழியும் அமைப்பது கீழே உள்ள ஊர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. குழி ஓடைக்கோ ஊற்றுக்கோ பக்கத்தில் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமையை நாம் மிகவும் பேணுகிறோம். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவர் அண்டை வீட்டார் என்றால், ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்பவரும் அப்படித்தான். கும்பக்கரையில் குளிக்கும் பிள்ளையும், வரதமாநதி தண்ணீரில் நெல் விளைவிக்கும் விவசாயியும் நாம் மேலே கழுவிய தட்டின் மிச்சத்தைக் கீழே சந்திக்கிறார்கள். இன்றைய இரவுச் சாப்பாட்டிலிருந்தே தட்டை வழித்து வைப்பதையும் குழாயை மூடி வைப்பதையும் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.